குறையில்லாத பிள்ளையார்

நல்லாக் கொண்டாடுங்கள். மண்டபம் பேசியாச்சு, சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு, இங்கிலீஷ் மிஸ்ஸுக்குப் பொன்னாடை எடுத்தாச்சு. விழா மலருக்கு ஆளுக்கொரு நினைவு எழுதித் தரச் சொல்லிப் பழைய மாணவர் குரூப்பில் விடாமல் கேட்டாச்சு. "நம் நாக்கில் இங்கிலீஷை எழுதிய தெய்வம்" என்று ஒருத்தர் போட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கை கூப்பின பொம்மைகள். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஆறாம் வகுப்பு அரையாண்டோடு அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனவளை எதற்கு இந்தக் குரூப்பில் சேர்த்தீர்கள்? பழைய போட்டோவில் கடைசி வரிசை ஓரத்தில் நிற்கிறேனாம், அதனால் சேர்த்தீர்களாம். சரி, சேர்த்துவிட்டீர்கள், கேட்டும்விட்டீர்கள். இதுதான் என் நினைவு. மலரில் போட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். ஆனால் கடைசிவரை படியுங்கள்.

நமக்கெல்லாம் தலையில் வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டது. மாடிப்படி ஏறினால் முட்டி பேசுகிறது. இந்த வயசில் எதை மறப்பது, எதை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொருத்தரும் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். நான் இதை வைத்துக்கொண்டேன். "பழசை விடுப்பா, வயசானவங்க" என்று யாரும் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், சொல்லிவிட்டேன்.

மிஸ்ஸின் வீட்டுக்காரருக்குப் பீங்கான் யூனிட் இருந்தது உங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு முறை நம்மை வரிசையாகக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டி, ஆளுக்கொரு ஊதுவத்தி ஸ்டாண்டு கொடுத்து அனுப்புவார்களே, அதே யூனிட்தான். அங்கேதான் என் அம்மா வேலை பார்த்தாள். கரண்டு மெயின் பாக்ஸில் சொருகுகிற வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் இருக்கிறதல்லவா, அதைக் கைப்பிரஸ்ஸில் அமுக்குகிற வேலை. மண்தூளில் மண்ணெண்ணெய் கலந்து பிசறியிருப்பார்கள், அச்சில் ஒட்டாமல் வருவதற்காக. அம்மா தூளை அச்சில் கொட்டுவாள், மேலே இருக்கிற இரும்புக் கையைச் சுற்றி இறக்குவாள், ஏற்றுவாள், உருவான பீஸை இரண்டு விரலால் கிள்ளி எடுத்துப் பலகையில் வைப்பாள். நாள் முழுக்க இதேதான். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், மூக்கு மயிர் எல்லாம் வெள்ளையாக இருக்கும். மடியில் படுத்தால் மண்ணெண்ணெய் வாசனை. இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசனை பட்டால் எனக்குப் பசிக்கிறது.

அப்பா கரும்பு வெட்டுக்குப் போனால் மாசக்கணக்கில் வரமாட்டார். அம்மாவின் கைதான் எங்கள் வீடு. அந்தக் கையை நம்பித்தான் என்னை உங்கள் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தாள். யூனிட் ஆள் பிள்ளை என்று மிஸ் நிர்வாகத்திடம் சொல்லிப் பாதி ஃபீஸுக்குப் படிக்க வைத்தார். அதை ஒரு நாளும் யாரையும் மறக்க விட்டதில்லை. அசெம்பிளியில் என் ஷூவைப் பார்த்தால் சொல்வார், ஹோம்வொர்க் நோட்டைத் திருத்தும்போது சொல்வார், நான் தும்மினால்கூடச் சொல்வார்.

நான் ஆறாம் வகுப்புக்கு வந்த வருஷம் ஆடியில் அம்மாவின் விரல் போனது. பிரஸ்ஸின் திருகில் மரை தேய்ந்து, நிறுத்தின இடத்தில் நிற்காமல் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. மாற்றித் தரச்சொல்லிப் பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். சீசன் முடியட்டும் என்றார் முதலாளி. ஒரு நாள் அம்மா பீஸை எடுக்கக் கையை விட்டபோது இறங்கிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. முதலாளி தன் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "எங்க வண்டியிலயே கூட்டிட்டுப் போனோம்" என்று அதைப் பிறகு மிஸ் எத்தனை பேரிடம் சொன்னார் தெரியுமா! திருகை மறுநாளே மாற்றிவிட்டார்கள்.

காயம் ஆறியது. நன்றாகவே ஆறியது, தோல் மூடி வழவழவென்று ஆகிவிட்டது. ஆனால் அம்மா அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை. முந்தானையைச் சுற்றி அதற்குள்ளேயே வைத்துக்கொண்டாள். கடையில் சில்லறை வாங்கினால் இடது கை, பக்கத்து வீட்டில் குழம்பு வாங்கினால் இடது கை. எனக்குத் தலை பின்னும்போது மட்டும் இரண்டு கையும் வரும், அதுவும் கதவைச் சாத்திவிட்டு. எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா அந்தக் கையை முந்தானையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அப்போதெல்லாம் எந்தச் சாமியிடமும் வேறு எதையும் நான் கேட்டதில்லை.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். அந்த யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை முடிந்து புதுசாகச் சூளை பற்றவைக்கும்போது, அந்த வருஷத்தின் முதல் பீஸை யார் அமுக்கினார்களோ அவர்கள்தான் சூளை வாயில் கற்பூரம் ஏற்ற வேண்டும். அதிலிருந்துதான் நெருப்பு எடுப்பார்கள். முதல் பீஸ் எப்போதும் அம்மாவினுடையதுதான், அவள் கை சுத்தம் என்று முதலாளியே தையில் அவளைத்தான் உட்கார வைப்பார். அதனால் கற்பூரமும் அவளுடையதுதான். எல்லா வருஷமும் அந்த ஒரு நாள் அம்மா தன்னிடம் இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டுவாள், தலை நிறைய கனகாம்பரம் வைப்பாள். நான் பக்கத்தில் நின்று பொரி தின்பேன்.

அந்த வருஷமும் அதே புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். பிரஸ்ஸுக்கெல்லாம் விபூதிப் பட்டை போட்டு, பூசணிக்காய் உடைத்து, தட்டில் கற்பூரத்தை வைத்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா முந்தானையிலிருந்து கையை எடுக்கப் போனாள். எடுக்கத்தான் போனாள், நான் பார்த்தேன். மிஸ் குறுக்கே வந்தார்.

"நீ வேணாம். கை முழுசா இருக்கறவங்க ஏத்தட்டும்."

"முதல் பீஸு நான்தாங்கம்மா அமுக்குனேன். அப்ப கை நல்லா இருந்துதுங்க."

"இப்ப இல்லியே. கொறையுள்ள கையால ஏத்துனா சரக்கெல்லாம் சூளையிலயே வெடிச்சிரும். லோடு லோடா உள்ள இருக்குது, யாரு பொறுப்பு? தள்ளிக்கோ."

கற்பூரத்தை மிஸ்ஸே ஏற்றினார். வாழ்நாளில் ஒரு பீஸ் அமுக்காத கை அது. அம்மா ஓரமாக வந்து என் பக்கத்தில் நின்றாள். கை உள்ளே போய்விட்டது. என் வாயில் பொரி இருந்தது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்தச் சூளையில் ஒரு பீஸ் விடாமல் வெடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சூளை ஆறுகிறவரை தினமும் போகிற வழியில் இருக்கிற அம்மன் கோயிலில் சூடம் ஏற்றி வேண்டினேன். திறந்தால் ஒன்றுகூட வெடிக்கவில்லை. எல்லாம் பளபளவென்று வந்திருந்தது. அம்மன்கூட மிஸ் கட்சிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தக் கோயிலுக்கு நான் போகவில்லை.

தீபாவளி லீவு முடிந்து வந்த வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. உங்களுக்கு அது ஒரு சாதாரணப் பாடம். மிஸ் கைப்பையிலிருந்து காது உடைந்த ஒரு டீ கப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். போர்டில் 'ஹோல்' என்ற வார்த்தையை எழுதினார். "ஹோல்னா முழுசு. எதுவும் கொறையாதது. திஸ் கப் இஸ் நாட் ஹோல். எங்க, ஆளுக்கொரு எக்ஸாம்பிள் சொல்லுங்க பாப்போம்" என்றார். ஒருத்தர் கடித்த ஆப்பிள் என்றார். ஒருத்தர் கால் போன நாற்காலி என்றார். அப்போது உங்களில் ஒருத்தர், பேர் சொல்ல மாட்டேன், குரூப்பில் தினம் விடிந்ததும் ரோஜாப்பூவோடு குட்மார்னிங் அனுப்புகிறவர், திரும்பி என்னைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இவங்கம்மா கை, மிஸ்."

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அது போகட்டும், அந்த வயசு. ஒரு டீச்சர் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? மிஸ்ஸும் சிரித்தார். "குட், குட் எக்ஸாம்பிள்" என்று சொல்லி, சாக்பீஸால் போர்டில் எழுதினார்: ஹெர் மதர்ஸ் ஹேண்ட் இஸ் நாட் ஹோல். எழுதிவிட்டு, "எல்லாரும் சேந்து சொல்லுங்க" என்றார். சொன்னீர்கள். ராகம் போட்டுச் சொன்னீர்கள். நானும் சொன்னேன். சொல்லாவிட்டால் பெஞ்சுமேல் ஏற்றுவார் என்பதால் சொன்னேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியத்துக்காகத்தான் அந்த மனுஷியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கற்பூரத்தைக்கூட விட்டிருப்பேன்.

சாயங்காலம் நேராக லைப்ரரிக்குப் போனேன். அங்கே ஒரு தடி டிக்‌ஷனரி தனி ஸ்டாண்டில் இருக்கும், முதுகு கிழிந்து துணி ஒட்டியிருக்கும், எப்போதும் மூட்டைப்பூச்சி மருந்து நாறும். பேப்பர் படிக்கிற ஆட்கள் அதன்மேல் குடையை மாட்டி வைப்பார்கள். குடையை நகர்த்திவிட்டு, அந்த வார்த்தையைத் தேடினேன். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. மிஸ் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். புத்தகத்தில் ஏதாவது ஒரு ஓட்டை அகப்பட்டால் போதும், அதில் மிஸ்ஸைத் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் அர்த்தம் மிஸ் சொன்னதுதான். எதுவும் குறையாதது. எனக்கு அழுகை வந்தது. இரண்டாவது, துண்டு போடாதது. அடுத்தது, மொத்தமும். கீழே போகப்போக எழுத்து பொடியாகிக்கொண்டே போனது. கடைசியில் அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது என்று போட்டிருந்தது. பழைய இங்கிலீஷில் அதற்குக் காயம் இல்லாதது, உடம்பு நல்லாயிருப்பது, தேறியது என்று அர்த்தமாம். பக்கத்தில் 'ஹீல்' என்ற வார்த்தையையும் பார்க்கச் சொல்லியிருந்தது. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஹீல் என்றால் புண் ஆறுவது, ஆற்றுவது. அதன் கடைசியில் திரும்பவும் இந்த வார்த்தையைக் காட்டியிருந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தது. புண் ஆறினால் அது ஹோல்.

பையை வாசலிலேயே வைத்துவிட வேண்டும், அதனால் கையில் பேப்பர் இல்லை. பேனாவை எடுத்து முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அப்படியே எழுதிக்கொண்டேன். இரவு அதை நனைக்காமல் சாப்பிட்டேன்.

மறுநாள் முதல் பீரியடிலேயே எழுந்து நின்றேன். 

"மிஸ், ஹோல்னா ஆறுனதுன்னும் அர்த்தம் இருக்குது மிஸ். காயம் ஆறிட்டா அது ஹோல் மிஸ். எங்கம்மா கை ஆறிடுச்சு."

மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு, "யாரு சொன்னா?" என்றார்.

"டிக்‌ஷனரில இருக்குது மிஸ்."

கையைக் காட்டினேன். பார்த்தார். படித்தார் என்றுதான் நினைக்கிறேன், கண் வரிசையாக நகர்ந்தது. படித்த பிறகுதான் செய்தார், அதை மறக்காதீர்கள். மேஜைமேல் இருந்த டஸ்டரை எடுத்து, அதன் கட்டைப் பக்கத்தால் என் கையை அழுத்தித் தேய்த்தார். மை போகவில்லை. தோல் சிவந்து மேலே வந்தது. "எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தர வந்துட்டியா? பாதி ஃபீஸு கழுதைக்கு வாயப் பாரு" என்றார். மதியம்வரை வாசலில் முட்டி போட்டேன். ஒவ்வொரு பீரியடும் நீங்கள் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதோடு விட்டாரா? சாயங்காலம் யூனிட்டுக்குப் போய் அம்மாவையும் பிடித்துக்கொண்டார். அம்மாவால் பிரஸ் ஓட்ட முடியாது என்று அப்போது அவளைத் தரம் பிரிக்கிற மேஜைக்கு மாற்றியிருந்தார்கள். சூளையிலிருந்து வந்த சரக்கை ஒவ்வொன்றாக எடுத்துச் சுண்டிப் பார்க்க வேண்டும். டிங் என்றால் நல்லது, டொக் என்றால் உள்ளே கீறல், செகண்ட்ஸ் என்று கழித்துவிட வேண்டும். அம்மா இடது உள்ளங்கையில் பீஸை வைத்து, மிஞ்சிய மோதிர விரலால் சுண்டுவாள். முந்தானைக்குள் இருந்து அந்த விரல் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். மிஸ் அத்தனை பேர் முன்னாடியும் சத்தம் போட, "சின்னப்புள்ளங்கம்மா, தெரியாம பேசிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்று அம்மா கெஞ்சினாளாம்.

வீட்டுக்கு வந்து என்னை அடிக்கப் போகிறாள் என்று மூலையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அடிக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள்.

"அப்படி என்னாத்தடி கேட்ட அவங்கள?"

சொன்னேன். கையைக் காட்டினேன். அரை மை, அரை புண்ணாக இருந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, ஆனாலும் குனிந்து பார்த்தாள்.

"ஆறுனா முழுசுன்னா போட்டிருக்குது?"

"ஆமா. அப்படித்தான் மொதல்ல அர்த்தம். மத்ததெல்லாம் அப்புறமா வந்துச்சு."

அம்மா அந்தக் கையை முந்தானையிலிருந்து எடுத்து, நாற்பது வாட்ஸ் பல்புக்கு அடியில் நீட்டினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். சூளைச் சரக்கைப் பார்க்கிற அதே பார்வை. "சீழு இல்ல, வலி இல்ல" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு, "சரி, தட்ட எடு, சோறு ஆறுது" என்றாள். ஆனால் சாப்பிடும்போது திரும்பவும் கேட்டாள், "அந்த வார்த்த என்னா சொன்ன?" நான் சொன்னேன். அவள் வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் வேலைக்குப் போகும்போது கை முந்தானைக்குள்தான் இருந்தது.

மார்கழி போய்த் தை வந்தது. யூனிட்டில் இரண்டாவது சூளை கட்டி முடித்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். சூளை வாய்க்கு மேலே ஒரு மாடம் வைத்துக் கட்டியிருந்தார்கள், அதில் ஒரு பீங்கான் பிள்ளையார் உட்கார வேண்டும். கொலுவுக்குச் செய்து விற்காமல் மிஞ்சின பிள்ளையார்கள் ராக்குத் தட்டு நிறைய இருந்தார்கள். முந்தின நாள் மிஸ் தரம் பிரிக்கிற மேஜைக்கு வந்து சொன்னாராம், "ஒரு புள்ளையாரு எடுத்து வை. முழுசா இருக்கணும். ஒரு கொறை இருக்கக் கூடாது. கொறையுள்ளது சூளைக்கு ஆகாது, தெரியுமில்ல?" அம்மா, "சரிங்கம்மா" என்றிருக்கிறாள்.

ஞாயிறு காலையில் போனோம். வாழைமரம், தோரணம், வாடகை ஸ்பீக்கரில் சாமிப் பாட்டு. பேங்க் மேனேஜர், நம் ஹெட்மாஸ்டர், பக்கத்து யூனிட் முதலாளிகள் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் பட்டுப்புடவை. குருக்கள் மாடத்தில் விபூதி பூசிவிட்டுக் கையை நீட்டினார். தட்டில் பூ இருந்தது, அருகம்புல் இருந்தது, பிள்ளையார் இல்லை.

"எங்க புள்ளையாரு?" என்றார் மிஸ்.

அம்மா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து முன்னே வந்தாள்.

"ஒண்ணும் தேறலைங்கம்மா."

"தேறலையா? ராக்கு நெறைய இருக்குதே!"

"எல்லாத்தையும் எடுத்துப் பாத்துட்டேங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு கொம்பு ஒடஞ்சு பாதிதான் இருக்குதுங்க. நீங்கதான் முழுசா இருக்கணும், கொறையுள்ளது சூளைக்கு ஆகாதுன்னீங்க. அதான், எல்லாப் புள்ளையாரையும் செகண்ட்ஸ்ல போட்டுட்டேன்."

சொல்லிக்கொண்டே வலது கையை நீட்டி மூலையைக் காட்டினாள். முந்தானை இல்லை. பெருவிரல், மோதிர விரல், சுண்டு விரல், நடுவில் இரண்டு மொட்டை. நல்ல வெயிலில், ஊர் பெரிய மனுஷர்கள் அத்தனை பேருக்கும் முன்னாடி. அந்த மூலையில் உடைந்த கப்புகளுக்கும் கீறல் விட்ட ஜாடிகளுக்கும் நடுவே பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் சிரித்தது குருக்கள்தான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை, தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சூளைக்காரர்கள் குபீரென்று சிரித்தார்கள். பேங்க் மேனேஜர் கலர் புரையேறி இருமினார். நான் சிரிக்கவில்லை. நான் மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் சிவந்து, கறுத்து, வாய் திறந்து மூடியதை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அதற்கு முன்னும் பின்னும் என் வாழ்க்கையில் எதுவும் அவ்வளவு ருசியாக இருந்ததில்லை.

"திமிரா? நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத. பொண்ணும் ஸ்கூலுக்கு வர வேணாம்" என்றார் மிஸ்.

"வரலைங்கம்மா" என்றாள் அம்மா. சோற்றுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள், அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்தாள். மூன்று விரலின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரோடுவரை விறுவிறுவென்று நடந்தாள். ரயில்வே கேட் தாண்டினதும் சிரிக்க ஆரம்பித்தவள்தான், வீடு வருகிறவரை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கை முந்தானைக்குள் போனதே இல்லை.

அந்தச் சிரிப்புக்கு என்ன விலை கொடுத்தோம் என்று கேட்பீர்கள். ஊரில் எந்த யூனிட்டிலும் அம்மாவைச் சேர்க்கவில்லை, முதலாளிகள் எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் வேண்டியவர்கள். காலை பஸ்ஸில் சேத்தியாத்தோப்பு பக்கம் நடவுக்குப் போனாள். மூன்று விரலால் நாற்று நட்டாள், கூட நட்டவர்களுக்குப் பின்தங்கவில்லை. நான் கவர்மெண்ட் ஸ்கூலுக்குப் போனேன், நர்ஸிங் படித்தேன். இப்போது தினமும் அடுத்தவர்கள் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன். கட்டைப் பிரித்துப் பார்த்து, தோல் மூடியிருந்தால், எனக்குள் அந்த வார்த்தை தானாக வரும்.

நர்ஸிங் காலேஜ் லைப்ரரியில் அந்த வார்த்தையின் மீதிக் கதையையும் படித்தேன். ஹெல்த் அதன் தங்கை. சாமிக்குச் சொல்கிற ஹோலியும் அந்தக் குடும்பம்தான். அந்தக் காலத்தில் எதிரே ஆள் வந்தால் 'முழுசா இரு' என்று சொல்லித்தான் வாழ்த்துவார்களாம். முன்னால் நிற்கிற அந்த டபிள்யூ ரொம்ப நாள் கழித்து யாரோ ஒட்டவைத்தது, வாயில் அதற்கு வேலையே இல்லை. உடம்பு தேறுவது, புண் ஆறுவது, கும்பிடத் தகுந்தது, இதெல்லாம் ஒரே வேரில் இருக்கிறது. இவ்வளவும் இருக்கிற வார்த்தையில் காது உடைந்த கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நம் வகுப்புக்கு வந்தவருக்குத்தான் நீங்கள் பொன்னாடை எடுத்திருக்கிறீர்கள்.

நினைவுப் பரிசுக்கு என்ன வாங்கலாம் என்று போன வாரம் குரூப்பில் கேட்டீர்கள். நம் ஊர்ப் பீங்கானிலேயே ஏதாவது வாங்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன், எல்லோரும் கட்டை விரலைத் தூக்கினீர்கள். ரொம்ப நன்றி.

பொம்மை யூனிட் ஒன்றில் தனியாகச் சொல்லிச் செய்தேன். செய்கிற பையன் தலையைச் சொறிந்தான். "ஏங்க்கா, புள்ளையாருக்கு ரெண்டு கொம்பும் நீட்டமாவா? ஆகாதுங்க" என்றான். ஆகும், செய் என்றேன். அச்சிலிருந்து எடுத்து, உடைந்த கொம்புக்கு மண்ணால் இன்னொன்று வைத்து ஒட்டி, கிளேஸ் பூச்சு போட்டுச் சுட்டுக் கொடுத்தான். அடியில் நீல எழுத்தில் அந்த வார்த்தை இருக்கிறது. டபிள்யூவோடு சேர்த்துத்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். இடது உள்ளங்கையில் வைத்து மோதிர விரலால் சுண்டினாள். டிங் என்றது.

"சத்தம் நல்லாத்தான் இருக்குது. கீறல் இல்ல, புள்ளி இல்ல. முழுசுதான்." திருப்பி முகத்தைப் பார்த்தாள். "ஆனா இது புள்ளையாரு இல்லடி. இத எப்படிக் கும்புடறது? யான மூஞ்சி வெச்ச பொம்ம, அவ்ளோதான்."

"அதான் மிஸ்ஸுக்கு" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். புத்தி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "இன்னுமா வெச்சுக்கிட்டிருக்க?" என்றாள். ஆமாம் என்றேன். "நானும்தான்" என்று சொல்லிவிட்டு, எந்தப் புடவை கட்டுவது என்று கேட்டாள்.

ஆக, பொன்னாடையை நீங்கள் போர்த்துங்கள். பரிசை அம்மா கொடுப்பாள், வலது கையால். இது என்ன, இரண்டு கொம்பு இருக்கிறதே என்று மிஸ் கேட்பார், கண்டிப்பாகக் கேட்பார். மைக்கை மட்டும் அம்மா பக்கம் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை, அவளே ஒரு வாரமாக அடுப்படியில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நீங்க கேட்டீங்களே, அந்தப் புள்ளையாருதாங்கம்மா. இப்பத்தான் தேறுச்சு."